இரண்டு கட்டப் பாய்ச்சல்

யூலை 1, செவ்வாய்

காலையில் பாணும் இடித்த சம்பலும். பத்து மணிக்கு எட்டாம் தட்டில் செத்துப்போனேன்.

செத்தது நான் அல்ல. போனுக்குள் இருக்கிற என் ஆள். மகன் இஹ்ஸானின் மகள் அஸ்னா, நோன்புப் பெருநாளுக்குப் புத்தளத்திலிருந்து வந்தபோது இந்த விளையாட்டைப் போட்டுத் தந்தாள். “தனிய இருக்கிறீங்க மூத்தவாப்பா, பொழுது போகும்” என்றாள். எழுத்துத் தெரியாத எனக்கு முழுக்க எழுத்தால் செய்த விளையாட்டு! நிலவறை ஒன்று, அதற்குள் இங்கிலிசு எழுத்துகள் நடமாடும். மற்றவர்களுக்கு அவை எழுத்து. எனக்குப் பிராணிகள். வளைந்த வாலுக்குள் குந்தியிருப்பவன் என் ஆள். சுருளன் என்று பெயர் வைத்திருக்கிறேன். வயிறு தள்ளினவன் வண்டியன், இரண்டு அடியில் ஆளை முடித்துவிடுவான். கொக்கி மாதிரிக் குனிந்திருப்பது எலி. கூரை மாதிரி இருப்பது பொறி.

இதில் உயிர் ஒன்றுதான். செத்தால் மறுபடி முதலாம் தட்டு. அதுவும் பழைய நிலவறை இல்லை. சுவர், வாசல், பொறி எல்லாம் இடம் மாறியிருக்கும். நேற்று எந்த மூலையில் என்ன இருந்தது என்ற ஞாபகம் இன்றைக்கு உதவாது. சட்டம் மட்டும்தான் உதவும். நான் ஓரடி வைத்தால் அவை ஓரடி வைக்கும். நான் நின்றால் எல்லாம் நிற்கும். வீடு மாறும், சட்டம் மாறாது. அதனால்தான் இது எனக்குப் பிடித்துக்கொண்டது.

இந்த நாட்குறிப்பும் அஸ்னாவின் ஏற்பாடு. நான் சொல்ல, போன் எழுதுகிறது. பள்ளிவாசலில் பயான் சொல்கிறவரைப் போலச் சொல்லவேண்டும், தெருவில் கதைப்பதுபோலக் கதைத்தால் அது பிழையாக எழுதும் என்றாள். எழுதினதை என்னால் வாசிக்க முடியாது. ஒரு படத்தை அமத்தினால் அதுவே வாசித்துக் காட்டும், ஒரு பெண்பிள்ளையின் குரலில். என் சொல்லை அந்தக் குரலில் கேட்க எனக்கே கூச்சமாக இருக்கிறது.

யூலை 3, வியாழன்

இன்று ஒன்பதாம் தட்டு வரை. அஸ்னாவும் ஒன்பதுதான். அவள் வாளை நம்புகிறாள். நான் பாய்ச்சலை நம்புகிறேன்.

வளைந்த அம்புப் படத்தை அமத்தித் திசையைத் தொட்டால் சுருளன் பாய்வான். நடுவில் இரண்டு கட்டத்தைத் தாண்டி மூன்றாவதில் இறங்குவான். அந்த இரண்டு கட்டத்தில் பள்ளம் இருக்கட்டும், பொறி இருக்கட்டும், எலிகூட இருக்கட்டும், அவன் கால் படாது. சுவர் இருந்தால் முடியாது. வண்டியன் நின்றாலும் முடியாது, அவன் அவ்வளவு உயரம். இறங்குகிற கட்டம் காலியாக இருக்கவேண்டும். பாய்ந்தபின் ஆறு அடி நடந்தால்தான் மறுபடி பாயலாம், மூச்சு வாங்கவேண்டுமே. ஆனால் சூட்சுமம் இதுதான்: மூன்று கட்டம் போனாலும் பாய்ச்சல் ஓரடிக்குத்தான் சமன். துரத்துகிறவனும் அந்த நேரத்துக்குள் ஓரடிதான் வைப்பான். இரண்டு கட்டம் எனக்கு மிச்சம். ஓடுகிறவனுக்கு அது போதும்.

கட்டம் எண்ணுவது எனக்குப் பெரிய வேலை இல்லை. முப்பத்தைந்து வருசம் தையல் மிசினில் இருந்தவன். அளவை எழுதத் தெரியாது, ஆகையால் எல்லாம் தலைக்குள்தான். தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்கள் என்று எங்களை இயக்கத்தார் யாழ்ப்பாணத்தை விட்டு அனுப்பினபோது கடையில் பதினொரு பேரின் துணி வெட்டினபடி கிடந்தது. புத்தளத்தில் இருபது வருசம் இருந்துவிட்டுத் திரும்பி வந்து, கண்டவர்களுக்கெல்லாம் அவரவர் அளவைச் சொன்னேன். பஸ் ஓட்டின கனகரத்தினம், எனக்குக் கனகு, இணுவில் ஆள், தோள் பதினெட்டு, கொலர் பதினைந்தரை. “அளவு கிடக்கட்டும் நானா, என்ரை துணி எங்கை?” என்றான். எங்கள் ஆட்கள் அண்ணனைச் சொல்வதுபோல அவனும் என்னை நானா என்றுதான் கூப்பிடுவான். இப்போதும் பின்னேரத்தில் வந்தால், கதிரையில் இருக்க முதல் அதைத்தான் கேட்பான்.

யூலை 4, வெள்ளி

ஜும்மாவுக்குப் பிறகு விளையாட்டைத் திறந்தேன். ஒரு பெட்டி வந்து திரையை மூடியது, நிறைய எழுத்து. கீழே பச்சையில் ஒரு பொத்தான். பச்சை என்றால் சரி, சிவப்பைத் தொடக்கூடாது என்று அஸ்னா சொல்லித் தந்திருக்கிறாள். பச்சையை அமத்தினேன். பெட்டி போய்விட்டது.

யூலை 5, சனி

ஏழாம் தட்டு. முன்னால் இரண்டு கட்டப் பள்ளம், பின்னால் வண்டியன். பாய்ந்தேன். சுருளன் பள்ளத்துக்குள் விழுந்தான்.

இரண்டு கட்டம்தானே? மூன்று இருந்திருக்குமோ?

யூலை 6, ஞாயிறு

முதலாம் தட்டில் பள்ளம் ஒன்று தேடிப் போய்ப் பாய்ந்து பார்த்தேன். இரண்டு கட்டம் அச்சொட்டாகத் தாண்டினான். அப்படியென்றால் நேற்று எண்ணினதில்தான் பிழை.

யூலை 7, திங்கள்

இதை யாரிடமும் சொல்லவில்லை. போனிடம் மட்டும்.

நாலு மணிக்குப் பாலை அடுப்பில் வைத்தேன். வைத்துவிட்டு, கொதிக்கும் வரைக்கும் என்று போனை எடுத்தேன். எட்டாம் தட்டு. இரண்டு கட்டத்தில் பொறி, பின்னால் மூன்று எலி. கட்டத்தை இரண்டு தரம் எண்ணினேன், மூன்றாம் தரமும் விரலால் தொட்டு எண்ணினேன். பாய்ந்தேன். பொறிக்குள் இறங்கினான். செத்தான். நான் அப்படியே இருந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

கனகு சைக்கிளை வாசலில் போட்டுவிட்டு உள்ளே பாய்ந்து வந்தான். “நானா! காஸ் மணக்குது! காஸ்!” பால் பொங்கி நெருப்பை அணைத்திருக்கிறது. காஸ் மட்டும் சீறிக்கொண்டிருந்தது. அவன்தான் பூட்டினான், யன்னல்களைத் திறந்தான்.

“என்ன செய்துகொண்டிருந்தனீங்கள்?”

எழுபத்தெட்டு வயதில் போனில் விளையாடிக்கொண்டிருந்தேன் என்று எப்படிச் சொல்வது? அவன் இதை வைத்தே என்னைச் சாகும்வரை நையாண்டி பண்ணுவான்.

“மறந்துபோனன்” என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. துணியைப் பற்றியும் கேட்கவில்லை. தேத்தண்ணியும் குடியாமல் போய்விட்டான்.

யூலை 9, புதன்

மறுபடி விழுந்தான். அதே இரண்டு கட்டம். காலையில் ஒரு தரம் தாண்டினான், மத்தியானம் தாண்டவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. ஒரேயடியாக முடியாமல் போனால் வேறு கதை. சில நேரம் சரி, சில நேரம் பிழை என்றால், பிழை என் தலைக்குள்தானே?

யூலை 10, வியாழன்

இஹ்ஸான் போன் எடுத்தான். சலாம் சொன்ன குரலிலேயே எனக்கு விளங்கிவிட்டது.

“வாப்பா, காஸ் திறந்தபடி கிடந்ததாம். கனகு மாமா சொன்னவர்.”

“ஒரு நாள். ஒரே ஒரு நாள்.”

“நெருப்புக்கும் ஒரு நாள் காணும், வாப்பா.”

அவன் எல்லாம் முடிவு செய்துவிட்டுத்தான் எடுத்திருக்கிறான். இங்கேயே யாழ்ப்பாணத்தில் ஒரு டொக்டரிடம் இருபத்தாறாம் திகதிக்கு நம்பர் எடுத்தாயிற்றாம். வயதானவர்களின் மறதியைப் பார்க்கிறவர். மறதி என்று அவர் சொன்னால், அன்றைக்கே நான் பையைக் கட்டிக்கொண்டு இஹ்ஸானோடு புத்தளம் போகவேண்டுமாம். இந்த வீடு பூட்டிக் கிடக்குமாம்.

இந்த வீட்டுக்குக் கூரை போட எனக்கு ஏழு வருசம் எடுத்தது. மனைவி ஸம்ஸியா வந்து பார்க்கவில்லை. புத்தளத்தில் கடைசியாகப் படுத்திருந்தபோது சொன்னாள்: “நீங்க போங்க. ஆரெண்டாலும் ஒராள் போய் அந்தக் கதவைத் திறந்து வைக்கோணும்.” திறந்து வைத்தேன். பதினைந்து வருசமாகக் காலையில் முதல் வேலை அதுதான். அதைப் பூட்டிப்போட்டு— எப்பிடிப் போறது? என்ரை மனிசி கேட்டது ஒண்டே ஒண்டு. அதையும் நான் ஒரு பால் சட்டிக்காக—

பிறகு சொல்கிறேன்.

யூலை 11, வெள்ளி

அஸ்னா வெள்ளிக்கிழமைகளில் எடுப்பாள். ஒன்பது தாண்டியாச்சா என்று கேட்டாள். சுற்றிவளைத்து, வேறு யாருக்கோ கேட்பதுபோலக் கேட்டேன்.

“பாய்ஞ்சால் எத்தினை கட்டம் பிள்ளை?”

“ரெண்டு.”

“எப்பவும் ரெண்டுதானே?”

“எப்பவும் ரெண்டுதான். நேத்துக்கூட நான் பாய்ஞ்சேனே. என்ன மூத்தவாப்பா, போன மாசம் நீங்கதானே எனக்கே கணக்குச் சொல்லித் தந்தீங்க? மறந்திட்டீங்களா?”

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். கேட்ட பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. காஸ் கதை அவளுக்கும் தெரியும்.

யூலை 12, சனி

மத்தியான லுஹர் தொழுகையில், நாலு சுற்றில் இது மூன்றாம் றக்அத்தா நாலாவதா என்று தெரியாமல் போய்விட்டது. சந்தேகம் வந்தால் குறைந்த எண்ணிக்கையை எடுத்துக்கொண்டு கடைசியில் மேலதிகமாக நெற்றியை நிலத்தில் வைத்து ஸஜ்தா செய்யவேண்டும். செய்தேன். சின்ன வயதில் ஓதினதற்குப் பிறகு எனக்கு அது தேவைப்பட்டதே இல்லை.

யூலை 13, ஞாயிறு

விளையாடவில்லை. காலையிலிருந்து அளவுகளைச் சொல்லிப் பார்த்தேன். கடைசியாக வெட்டின பதினொரு பேர். ஏரம்பு வாத்தியார், தோள் பதினேழரை, கை இருபத்துமூன்று, மார்பு நாற்பது. குருநகர் கிறிஸ்துநாயகம், மார்பு நாற்பத்திரண்டு, வயிறு நாற்பத்துநாலு, வயிற்றைச் சொன்னால் கோபம் வரும் அந்த ஆளுக்கு. எல்லாம் வந்தது. கனகுவிடம் வந்து நின்றுவிட்டேன். கொலர் பதினைந்தா, பதினைந்தரையா?

மூன்றாம் திகதி பதினைந்தரை என்று போனிடம் நானே சொல்லியிருக்கிறேன். அந்தப் பெண்பிள்ளை வாசித்துக் காட்டினாள். ஆனால் அன்றைக்குச் சொன்னது சரியென்று யார் சொன்னது?

யூலை 14, திங்கள்

கனகு வந்தான். நான் எழும்பவில்லை.

“ஏன் இஹ்ஸானுக்குக் கோல் அடிச்சனி?”

“பின்னை? வீடு எரிஞ்ச பிறகு அடிக்கவோ?”

“என்னட்டைக் கேட்டிருக்கலாம்.”

“உங்களிட்டைக் கேட்டனான். மறந்துபோனன் எண்டு சொன்னனீங்கள்.” பிறகு குரலைக் குறைத்தான். “நானா, என்ரை அண்ணைக்கும் இப்பிடித்தான் துவங்கினது. அடுப்பிலைதான் துவங்கினது. கடைசியிலை என்னை ஆரெண்டு கேட்டவர்.”

போடா என்று சொல்லிவிட்டேன். போய்விட்டான். அவனுடைய சைக்கிள் பெல் சத்தம் ஒழுங்கையின் முடிவு வரைக்கும் கேட்டது. அவன் கோபத்திலும் பெல் அடிக்கிற ஆள்.

யூலை 16, புதன்

கனகு மறுபடி வந்தான். இரண்டு நாளுக்கு மேல் அவனால் முடியாது. வாழைப்பழம் கொண்டுவந்தான், அதைச் சாட்டாக வைத்து. நான் அலுமாரியிலிருந்து அளவு நாடாவை எடுத்து அவன் கழுத்தில் போட்டேன்.

“என்ன, கழுத்தை நெரிக்கப் போறியளோ?”

“அசையாதை.”

“முப்பத்தஞ்சு வருசத்துக்குப் பிறகு தைக்கப் போறியளோ? கொலர் வேண்டாம் நானா, நேரே வெள்ளைத் துணியாச் சுத்தி விடுங்கோ.”

நாடாவில் எண் வாசிப்பேன். எண் வேறு, எழுத்து வேறு. பதினாலரை.

பதினைந்தும் இல்லை, பதினைந்தரையும் இல்லை. என் முகத்தைப் பார்த்து அவன் பயந்துவிட்டான். எவ்வளவு என்றான், சொன்னேன். அவன் தன் கழுத்தைத் தடவிப் பார்த்தான். “பின்னை என்ன, கிழவனாகிப் போனன். வத்திப்போச்சு. கலியாணச் சேட்டாலை இப்ப மேசை துடைக்கிறம், போட்டால் கொலருக்குள்ளாலை தோளே வெளியாலை வந்திடும். பதினைஞ்சரைதான் அப்ப.”

பதினைந்தரை. அவன் வாயாலேயே சொன்னான்.

அவன் போன பிறகும் நாடாவைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். நான் மறக்கவில்லை. கழுத்து மாறியிருக்கிறது.

யூலை 17, வியாழன்

விடிய சுபஹ் தொழுதுவிட்டு உட்கார்ந்தேன். போனைத் தொடவில்லை.

பாய்ச்சல் முதன்முதல் பிழைத்தது ஐந்தாம் திகதி. அன்றிலிருந்து நேற்று வரை பன்னிரண்டு தரம் பாய்ந்திருக்கிறேன். பன்னிரண்டையும் ஒவ்வொன்றாக எடுத்து முன்னால் வைத்தேன். எந்தத் தட்டு, எந்தப் பக்கம், பின்னால் யார், கையில் என்ன. துணியை வெட்ட முதல் விரித்துப் பார்ப்பதுபோல.

ஐந்து தரம் தாண்டினான், ஏழு தரம் விழுந்தான். தட்டு காரணம் இல்லை. இரண்டாம் தட்டிலும் விழுந்திருக்கிறான், ஆறாம் தட்டிலும் தாண்டியிருக்கிறான். திசை காரணம் இல்லை. பின்னால் யார் வந்தார்கள் என்பதும் காரணம் இல்லை. பிறகு பையை நினைத்துப் பார்த்தேன். சுருளனின் பையில் என்ன கிடக்கிறது என்று திரையின் ஓரத்தில் படம் படமாகத் தெரியும். ஆறாம் தட்டில் தாண்டின அன்று பையில் வாள், விளக்கு, இரண்டு ரொட்டி. நாலு. இரண்டாம் தட்டில் விழுந்த அன்று, ஆசைப்பட்டு எல்லாவற்றையும் பொறுக்கி வைத்திருந்தேன், எட்டு. பால் பொங்கின அன்று, இரும்புச் சட்டையோடு ஏழு. விழுந்த ஏழு தரமும் ஆறோ அதற்கு மேலோ. தாண்டின ஐந்து தரமும் ஐந்தோ அதற்குக் கீழோ.

நான் பிழையாக எண்ணவில்லை. பை கனத்தால் அவன் ஒரு கட்டம்தான் தாண்டுகிறான். முன்னர் அப்படி இல்லை. யூன் மாதத்தில் ஒன்பது சாமானோடு பாய்ந்தவன் நான், எந்தத் தட்டில் என்றும் சொல்வேன். சட்டத்தை மாற்றிவிட்டார்கள். மாற்றிவிட்டு எனக்குச் சொல்லவில்லை.

தொண்ணூறாம் ஆண்டும் எங்களுக்குச் சட்டம் ஒரே காலையில்தான் மாறியது. இரண்டு மணித்தியாலம் தந்தார்கள். ஆனால் அன்றைக்கு ஒலிபெருக்கியில் சொன்னார்கள். எழுத்துத் தெரியாதவனுக்கும் காது கேட்டது.

யூலை 18, வெள்ளி

செய்து பார்த்தேன். மூன்றாம் தட்டு, இரண்டு கட்டப் பள்ளம், பையில் ஆறு. ஒரு ரொட்டியை நிலத்தில் வைத்தேன். பாய்ந்தேன். மறுகரை. திரும்பி வந்து ரொட்டியை எடுத்தேன். பாய்ந்தேன். விழுந்து செத்தான். சுருளன் செத்ததற்கு அல்ஹம்துலில்லாஹ் சொன்ன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அஸ்னா எடுத்தவுடன் சொன்னேன். போனில் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

“மூத்தவாப்பா, இப்ப என்ட பையில பத்துக் கிடக்கு. பாய்ஞ்சன். ரெண்டு கட்டம்.”

“இஞ்சை ஒண்டுதான் பிள்ளை.”

“ரெண்டு பேருக்கும் ஒரே விளையாட்டுத்தானே.” பிறகு மெதுவாக, நோயாளியோடு கதைப்பதுபோல: “பரவாயில்ல. அடுத்த கிழம சனி டொக்டரட்டப் போறம்தானே. எல்லாம் அவட்டச் சொல்லுங்க.”

போனை வைத்த பிறகு மறுபடி பாய்ந்து பார்த்தேன். ஒரு கட்டம்தான். நான் சரி. நான் சரிதான்! ஆனால் நான் சரி என்பதற்கு நானே சாட்சியாக இருந்தால் யார் கேட்பார்கள்?

யூலை 21, திங்கள்

பெரிய பையை அலுமாரிக்கு மேலிருந்து இறக்கித் தூசி தட்டினேன். கட்டவில்லை. தட்டி வைத்தேன், அவ்வளவுதான்.

யூலை 24, வியாழன்

மத்தியானத்துக்கு வந்து சேர்ந்தார்கள், இஹ்ஸானும் அஸ்னாவும். இஹ்ஸான் நேரே குசினிக்குப் போய்க் காஸ் குழாயை மணந்து பார்த்தான். அஸ்னா நேரே என் போனை எடுத்தாள்.

ஆறு சாமானோடு பாயச் சொன்னேன். விழுந்தது. அவள் தன் போனை எடுத்துப் பாய்ந்தாள். தாண்டியது. இரண்டு போனையும் மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என்னுடையதில் எங்கோ உள்ளே போய் ஒரு பெட்டியைத் திறந்தாள். எனக்கு அந்தப் பெட்டியைத் தெரியும். அதே அகலம், அதே பச்சைப் பொத்தான்.

“மூத்தவாப்பா, இத அமத்தினீங்களா?”

“ஓம். நாலாந் திகதி. ஜும்மாவுக்குப் பிறகு.”

அவள் சத்தமாக வாசித்தாள், இங்கிலிசைத் தமிழாக்கி. பையில் ஐந்து பொருளுக்கு மேல் இருந்தால் இனிப் பாய்ச்சல் ஒரு கட்டம் மட்டுமே. அவளுடைய போனில் இடம் இல்லாததால் பெருநாளுக்குப் பிறகு ஒன்றும் புதிதாக ஏறவில்லையாம். அவள் விளையாடியது பழையது. நான் விளையாடியது புதியது.

“வாப்பா!” என்று குசினியைப் பார்த்துக் கத்தினாள். “மூத்தவாப்பாக்கு மறதி இல்ல! வாசிக்காமலே கண்டுபிடிச்சிருக்கிறார்! இத எழுதினவனுக்குத்தான் அறிவில்ல!”

இஹ்ஸான் வாசலில் வந்து நின்றான். கையில் அடுப்புத் துடைத்த துணி. எல்லாவற்றையும் கேட்டான். நல்ல பிள்ளை, கடைசி வரைக்கும் கேட்டான்.

“சரி. பாய்ச்சலை ஆரோ மாத்தினாங்கள். காஸையும் அவங்களோ மாத்தினது?”

அஸ்னா என்னைப் பார்த்தாள். நான் நிலத்தைப் பார்த்தேன்.

யூலை 26, சனி

டொக்டர் பெண்பிள்ளை, முப்பத்தைந்து வயது இருக்கும். ஐந்து சொல் சொன்னார். மாம்பழம், கதிரை, கிணறு, சைக்கிள், மணி. பிறகு வேறு கேள்விகள்: இன்று என்ன திகதி, எந்த ஊர், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கோ. கழித்தேன், நிறுத்தச் சொல்லும்வரை கழித்தேன். மணிக்கூடு கீறச் சொன்னார். கீறினேன். பிறகு பேனையைத் தந்தார்.

“ஒரு வசனம் எழுதுங்கோ ஐயா. உங்களுக்கு விருப்பமானது.”

“எழுத்துத் தெரியாது பிள்ளை. சொல்லட்டோ?”

“சரி, சொல்லுங்கோ.”

“உங்கடை கோட்டிலை இடது தோள் கால் அங்குலம் இறங்கிப்போச்சு. தைச்சவன் அவசரப்பட்டிட்டான்.”

அவர் தோளைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அந்த ஐந்து சொல்லையும் கேட்டார். சொன்னேன். பின்னாலிருந்தும் சொன்னேன். பேனையை மூடிவிட்டு இஹ்ஸானைப் பார்த்தார். “ஐயாவின்ரை ஞாபகத்திலை எனக்கு ஒரு பிழையும் தெரியேல்லை. அடுப்பை மறக்கிறது ஒருதரம் ஆருக்கும் வரும். ஆறு மாதத்தாலை ஒருக்காக் கூட்டிக்கொண்டு வாங்கோ.”

இஹ்ஸானின் தோள் இறங்கினது. கோட்டுத் தோள் மாதிரி இல்லை; மூட்டை இறக்கினவனின் தோள். எழும்பத் தயாரானான். நானும் வாயை மூடிக்கொண்டு எழும்பியிருக்கலாம். வீடு எனக்குத்தான். முடிந்த கதை.

ஆனால் மறந்துபோனேன் என்று நான் சொன்னது பொய். இருபது நாளாக அந்தப் பொய்க்காக இவன் நித்திரையில்லாமல் இருந்தான், கனகு தன் அண்ணனை நினைத்துப் பயந்தான். நான்கூடக் கடைசியில் அதை நம்பத் தொடங்கினேன்.

“நான் மறக்கேல்லை, பிள்ளை. விளையாடிக்கொண்டிருந்தனான். போனிலை. பால் அடுப்பிலை இருக்கெண்டு தெரியும். ஒருக்காப் பாய்ஞ்சிட்டுப் போவம் எண்டு இருந்தனான்.”

வெளியே அடுத்த நம்பரைக் கூப்பிட்டார்கள். டொக்டர் குனிந்து எதையோ எழுதினார், சிரிப்பை மறைக்கத்தான்.

ஓட்டோவில் பாதி வழியில் இஹ்ஸான் தொடங்கினான். “மறதி எண்டால் குளிசை இருக்கு. உதுக்கு என்ன குளிசை வாப்பா? எழுபத்தெட்டு வயசிலை!” அஸ்னா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “நீ சிரியாதை. போட்டுக் குடுத்தது நீ.” பிறகு என் பக்கம் திரும்பினான். “நான் உங்களைக் கூட்டிக்கொண்டு போக வரேல்லை. உங்களைத் தூக்கிக்கொண்டு போற நாள் வரக்கூடாதெண்டு வந்தனான்.”

நான் அவன் கையைப் பிடித்தேன். தட்டிவிடவில்லை.

“என்ன செய்யோணும் சொல்லு.”

“அந்த வீட்டிலை நெருப்பு இருக்கக்கூடாது.”

யூலை 27, ஞாயிறு

நெருப்பு இல்லாவிட்டால் பால் காய்ச்ச முடியாது. ஆட்டிறைச்சி ஆணம் வைக்க முடியாது. காலையில் நானே அடித்து நானே சுடுகிற ரொட்டி இல்லை. ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். கனம்தான்.

பிறகு ஸம்ஸியா சொன்ன கதவை எண்ணினேன்.

யூலை 28, திங்கள்

காஸ் குழாயை நானே கழற்றினேன். இஹ்ஸான் கழற்ற வந்தான், விடவில்லை. சிலிண்டரையும் அடுப்பையும் கனகு ஓட்டோவில் ஏற்றினான். அவன் வீட்டில் இப்போதும் விறகுதான். அவனிடமும் விளையாட்டுக் கதையைச் சொன்னேன். ஒழுங்கை முழுக்கக் கேட்கிற மாதிரிச் சிரித்தான். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தபோது அது சிரிப்புத் தண்ணி மட்டும் இல்லை.

“என்ரை துணிக்குப் பதிலா அடுப்பு. சரி நானா, இனிக் கேக்கமாட்டன்.”

மத்தியானச் சாப்பாடு அவன் வீட்டிலிருந்து ஒரு நாள், பள்ளிக்குப் பக்கத்துக் கடையிலிருந்து ஒரு நாள் என்று பேசி முடித்தார்கள். இஹ்ஸான் மின்சாரக் கேத்தல் ஒன்று வாங்கி வைத்தான். பின்னேர பஸ்சில் இரண்டு பேரும் போனார்கள். பெரிய பை மறுபடி அலுமாரிக்கு மேல்.

ஓகஸ்ட் 2, சனி

கனகு வெள்ளைத் துணி மூன்று யார் நீளத்துக்கு வாங்கி வந்தான். கேட்கமாட்டேன் என்றவன்! இன்று வெட்டினேன். கொலர் பதினாலரை.

பின்னேரம் பத்தாம் தட்டு. அஸ்னாவும் நானும் இதற்கு முன் இறங்கினதில்லை. முன்னால் பள்ளம், எண்ணினேன், இரண்டு கட்டம். பின்னால் வண்டியன், ஒரு கட்டம்தான் இடைவெளி. பையில் ஆறு. கழற்றி வைக்கவும் ஓரடிக் கணக்கு. வைத்தால் அவன் பக்கத்தில் வந்துவிடுவான், ஒரு அடி வாங்கவேண்டி வரலாம். ஒரு அடி தாங்குவேன். இரும்புச் சட்டையைக் கழற்றி நிலத்தில் வைத்தேன். வண்டியன் பக்கத்தில் வந்து நின்றான்.

அப்போது குசினியில் கேத்தல் கொதிக்கிற சத்தம். போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு எழும்பிப் போனேன். நான் போக முதலே அது தானாக நின்றுவிட்டது. இருந்தாலும் வயரையும் கழற்றினேன். பிளேன்ரீ ஊற்றினேன், சீனி ஒன்றரைக் கரண்டி. வாசல் கதவு திறந்திருக்கிறதா என்று எட்டிப் பார்த்தேன். திறந்திருந்தது.

திரும்பி வந்து போனை நிமிர்த்தினேன். வண்டியன் அதே கட்டத்தில் காத்துக்கொண்டு நின்றான். ஒரு மிடறு குடித்துவிட்டு வளைந்த அம்பை அமத்தினேன்.